பூட்டிய வீட்டிலிருந்து போன ஊர்கள்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள் அப்பாவும் நானும். இல்லாதவர்கள் அம்மாவும் அக்காவும். அம்மா விடிவதற்குள் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். அக்காவைத் தங்கவயலில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தெருவைப் பொறுத்தவரை நாங்கள் நான்கு பேருமே ஊரில் இல்லை. வாசல் கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டுத் தொங்கியது. சாவி எதிர்வீட்டு ஆன்ட்டியின் ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

என்னோடு படித்தவர்களே, என்னோடு வேலை பார்க்கிறவர்களே, நமக்கெல்லாம் முப்பது ஆகப்போகிறது. முன்னந்தலை ஏறிவிட்டது, நாற்காலி முதுகைத் தின்றுவிட்டது. பழைய கதை பேசுகிற உரிமையும் கூடவே வந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறேன். தொம்மலூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்திருக்கும் அறையில், அறைத்தோழன் ஒருவன் கொஞ்ச நாளாகவே போனைக் கவிழ்த்து வைக்கிறான். அது மேசையில் உறுமும்போது நாங்கள் பேச்சை நிறுத்துகிறோம், நின்றதும் பேசுகிறோம். கேட்டால், "லோன் ஆப்காரனுங்க மச்சி, வுடு" என்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் "அப்புறம்" என்கிறான். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான் இது. எழுதிவிடு என்று அவன்தான் சொன்னான்.

அப்பா சவுண்டு செட் போடுகிறவர். லிங்கராஜபுரத்தில் எங்கள் பக்கம் அவரை எல்லோரும் ‘சவுண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போனவர் இல்லை. அம்மாவும் அக்காவும்கூட அந்தப் பக்கம் போனதில்லை. எங்கள் வீட்டில் படிப்பு என்று ஒன்று என்னிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. அவருக்கு இருந்தது காது. கல்யாண மண்டபத்தில் ஏதாவது ஒரு பெட்டி லேசாகக் கரகரத்தால், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எச்சில் கையோடு எழுந்து போவார். வெகு காலம் ஒரு முதலாளியிடம் ஆபரேட்டராக இருந்துவிட்டு, ஒரு கணேச சதுர்த்தியை நம்பித் தனியாக இறங்கினார். இந்த ஊரில் அது ஒரு நாளோடு முடிகிற பண்டிகை இல்லை. ஒவ்வொரு தெருவும் தனக்கு வசதியான வாரத்தில் பிள்ளையார் வைத்து, ஒன்றரை மாதம் இழுக்கும். அந்த ஒன்றரை மாதத்தில் போட்ட முதலை எடுத்துவிடலாம் என்பது அப்பாவின் நம்பிக்கை.

முதலுக்கு மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஆட்டோ சிக்னலில் நின்றாலும் மீட்டர் ஓடுவதுபோல, நீங்கள் தூங்கினாலும் ஏறிக்கொண்டிருக்கும் வட்டி அது. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர், மிக்சர், மூட்டை மூட்டையாக வயர். அந்த வருடம் பார்த்து மழை விடாமல் பெய்தது. பாதித் தெருக்களில் வசூல் ஆகவில்லை. "அண்ணா, மழையில கலெக்‌ஷனே இல்ல, அடுத்த வருசம் சேர்த்துக் குடுத்துடறோம்" என்று கமிட்டிப் பையன்கள் தோளில் கை போட்டுச் சொன்னார்கள். அப்பா சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மாவிடம் திட்டு வாங்கினார்.

பிறகு வட்டிக்காரர் வர ஆரம்பித்தார். அவர் வண்டிக்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். சைலன்சரில் எங்கோ ஓட்டை. படபடவென்று வந்து, நிற்கும்போது ஒரு இருமல் இருமி அடங்கும். தெருமுனையில் நிறுத்திக்கொண்டு அங்கிருந்தே கத்துவார். பணத்தைவிட அந்தக் கத்தல்தான் அப்பாவைத் தின்றது என்று இப்போது நினைக்கிறேன். தெருவில் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் மைக் பிடித்தவரை, தெருவே கேட்கிற மாதிரி கேட்டார்.

பூட்டு யோசனை ஆன்ட்டியுடையது.

"வெளிய பூட்டிக்கினு உள்ளயே இரு. ஸ்கூலு தொறக்கறதுக்குள்ள ஆண்டவர் ஏதாச்சும் வழி வுடுவாரு."

"பையன்?" என்றாள் அம்மா.

"அவனையும் உள்ளப் போடு. வெளிய இருந்தான்னா, கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவான். மூஞ்சைப் பாரு, அப்பிடியே போஸ்டர் ஒட்டினா மாதிரி."

நல்லவேளையாகக் குளியலறையும் கழிவறையும் சமையலறையை ஒட்டி உள்ளேயே இருந்தன. மறுநாள் காலை அம்மா சோறு பொங்கி மூடிவைத்துவிட்டுக் கிளம்பினாள். வெளியே பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள் பாதி இருட்டு. முன்னறை முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம். இவ்வளவு சத்தம் போடக்கூடிய சாமான்களுக்கு நடுவில், அப்பா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வண்டி வந்தது. இருமியது.

"ஏய் சவுண்டு! ஊருக்கெல்லாம் சத்தம் வெச்சவன், இப்ப எங்கடா உன் சத்தத்தையே காணோம்?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "இன்னாத்துக்குக் கத்தறே? பூட்டு தொங்கறது கண்ணுக்குத் தெரியலயா?"

"எங்க போனாங்க?"

"வேளாங்கண்ணி."

"அவுங்க இந்துங்கதானேம்மா. அங்க இன்னா வேலை?"

"கடன்காரன் கிட்டயிருந்து காப்பாத்தும்மான்னு மாதா கிட்ட கேக்கப் போயிருக்காங்க. நீயும் போயேன். உனக்கும் ஏதாச்சும் புத்தி குடுப்பாங்க."

அப்பா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். வண்டி போன சத்தம் மெல்ல மெல்லக் கரைந்த பிறகு, என் காதோடு வாய் வைத்துச் சொன்னார்: "இன்னைக்கு நாம வேளாங்கண்ணியில இருக்கோம். தெரிஞ்சுதா?"

பெட்டிகளுக்கு மழையில் போர்த்துகிற நீலத் தார்ப்பாய் ஒன்று இருந்தது. அதை விரித்தார். அதுதான் கடல். அவர் ஒருமுறை பாதயாத்திரைக் கூட்டத்துக்கு மைக் செட்டோடு அங்கே போயிருந்தார். மணல் எப்படிச் சுடும், வறுத்த மீன் எப்படி மணக்கும், மெழுகுவத்திக் கடைகள் எங்கே வரிசையாக இருக்கும் என்று சொன்னார். நான் கடலைப் பார்த்ததில்லை. "எப்பிடிப்பா சத்தம் போடும்?" என்று கேட்டேன். ஸ்பீக்கர் பெட்டியின் முன்துணி மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தேய்த்தார். ஸ்ஸ்ஸ் என்று வந்து, நின்று, திரும்பிப் போனது.

"கடலு ரொம்பப் பெரிய சத்தம்டா. வால்யூமைக் குறைச்சு வெச்சா இப்பிடித்தான் கேக்கும்."

பிற்பாடு நிஜமாகவே வேளாங்கண்ணிக்குப் போனேன். அலுவலக நண்பர்களோடு, வேனில். கடல் மிகவும் சத்தமாக இருந்தது.

அன்றிலிருந்து ஆன்ட்டி எந்த ஊரைச் சொல்கிறாரோ அந்த ஊரில் நாங்கள் இருந்தோம். மைசூர் என்றால் மைசூர். அப்பா நாக்கை மடித்துக் குதிரைக் குளம்புச் சத்தம் கொடுப்பார். தர்மஸ்தலா என்றால் கோயில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு நாள் வட்டிக்காரர் மிகவும் நச்சரித்தபோது ஆன்ட்டிக்குக் கோபம் வந்து "பம்பாய்!" என்று கத்திவிட்டார். எங்களுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம். பெட்டியின் பலகையில் விரல்களால் தட்டித் தட்டி அப்பா ரயிலை ஓட்டினார். குண்டக்கல் வந்தது, சோலாப்பூர் வந்தது. ஜன்னல் பக்கம் நான். தூங்கிப்போனேன். விழித்தபோதும் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. பம்பாய் இன்னும் வரவில்லை என்றார்.

இருட்டினதும் பூட்டைத் திறக்க வரும்போது ஆன்ட்டி மூக்கால் சிரிப்பார். "பாவசங்கீர்த்தனத்துல பொய்ப் பாவத்தைச் சொல்றப்ப உங்க ஊருங்களுக்கே பாதி நேரம் ஆவுது. ‘இந்த வாரம் எத்தினி ஊரும்மா’ன்னு ஃபாதரே கேக்கறாரு."

அந்த வீட்டுக்குச் சில விதிகள் இருந்தன. மின்விசிறி கிடையாது, அது கிரீச்சிடும். குக்கர் கிடையாது. தாளிப்பு கிடையாது, கடுகு பொரிந்தால் வாசனை தெருவுக்குப் போய்விடும். அப்பளத்தைக் கடித்தால் நொறுங்குகிற சத்தம் வருமென்று ரசத்தில் ஊறவைத்துத் தின்போம். ஊறிய அப்பளத்தின் அந்த வழவழப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். மெஸ்ஸில் அப்படிச் சாப்பிடும்போது அறைத்தோழர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். வென்டிலேட்டர் வழியாக விழும் வெயில் காலையில் முதல் பெட்டியில் இருக்கும், மத்தியானம் பாய்க்கு வரும், நாலு மணிக்குச் சுவரில் ஏறும். ரெக்சினும் தூசும் சாலிடர் வைத்த ஈயமும் கலந்த ஒரு வாசனை. அதற்குள் அப்பாவின் வியர்வை.

ஹெட்போனை மிக்சரில் செருகி என் தலையில் மாட்டிவிடுவார். அது பெரியது, கன்னத்தையும் சேர்த்து மூடும். பாட்டு என் மண்டைக்குள் மட்டும் ஓடும். வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. நான் தலையாட்டுவதைப் பார்த்து, எந்தப் பாட்டு, எந்த இடம் என்று அப்பா சொல்லிவிடுவார். "இப்ப தபேலா வருதா?" வரும். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவருடைய மடி எனக்கு அவ்வளவு நேரம் கிடைத்ததில்லை. அதற்கு முன் அவர் எப்போதும் யாருடைய கல்யாணத்திலோ இருந்தார். அந்தக் கோடை முடியக்கூடாது என்று நினைத்தேன். ஒன்பது வயதில் வேறென்ன நினைப்பது?

அவர் எப்படி இருந்தார் என்று இப்போது யோசித்தால் வேறு சில விஷயங்களும் நினைவுக்கு வருகின்றன. கதை சொல்லும்போது நடுவில் விரலை உயர்த்துவார். "வண்டி" என்பார். நான் மூச்சை அடக்குவேன். வண்டி வராது. சில சமயம் வரும், வெகு நேரம் கழித்து. எங்கள் அப்பாவுக்குப் பக்கத்துப் பேட்டையில் வருகிற வண்டிகூடக் கேட்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. அம்மாவிடமும் சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்தபடியே அப்பாவைப் பார்த்தாள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், ஆன்ட்டிக்குக் காய்ச்சல். வட்டிக்காரர் வந்து கத்தியபோது கதவைத் திறந்து, "எனக்குத் தெரியலப்பா. எங்கியோ போய்ட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். வண்டி போனது.

"இன்னைக்கு எங்கப்பா இருக்கோம்?" என்றேன்.

அப்பா எழுந்து பெரிய பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மைசூர் என்று சொல்லிப்பார்த்தேன். கடல் சத்தம் செய்து காட்டினேன். சுவரில் வெயில் ஏறி, மங்கி, போய்விட்டது. சோறு தட்டோடு காய்ந்தது. ஆன்ட்டி திறக்க வரும்வரை அவர் அங்கேயே இருந்தார். "எங்கன்னு தெரியலடா" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அன்று ராத்திரி அம்மா வீட்டிலிருந்த வயர் கட்டுகளையெல்லாம் தலையில் சுமந்து ஆன்ட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். எலி கடிக்கிறது என்றாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகுமுன் அவள் என்னிடம், "அப்பா பக்கத்துலயே இரு. பாத்ரூம் போனாலும் கதவுகிட்ட நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவாள். எலி எதுவும் வீட்டில் இல்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. அம்மாவிடம் கேட்டதில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். நான் போகாமல் இருக்கிறேன் என்றேன். அம்மாவும் ஒரு நிமிடம் தயங்கினாள். அப்பாதான் தலையை ஆட்டினார். "படிக்கப் போவட்டும். இவன் ஒருத்தனாச்சும்." விடிந்தும் விடியாத வேளையில் ஆன்ட்டி என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு, அவர் வீட்டு வாசல் வழியாகப் பள்ளிக்கு அனுப்புவார். அப்பா தனியாக உள்ளே. நான் திரும்பி வரும்போது காலையில் விட்ட இடத்திலேயே இருப்பார். இன்றைக்கு எந்த ஊர் என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஓசூரிலிருந்து பெரியப்பா வந்தது அப்போதுதான். அவர் ஃபேக்டரியில் இருந்தார், எதையும் ஒரே நாளில் முடிக்கிறவர். பழைய முதலாளியைக் கூப்பிட்டு சவுண்டு செட்டை வந்த விலைக்குத் தள்ளினார். அம்மாவின் நகையையும் சேர்த்துப் போட்டு, மீதிக்குத் தன் பி.எஃப். பணத்தில் லோன் எடுத்தார். டெம்போவில் பெட்டிகளை ஏற்றியபோது அப்பா சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். முன்னறை திடீரென்று பெரிதாகிவிட்டது. தரையில் பெட்டிகள் இருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாகப் புதுச் சிவப்பில் இருந்தது.

வட்டிக்காரர் வந்து பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். அம்மா கொடுத்த காபியையும் குடித்தார். "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா. பிசினஸ்தானே" என்று பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்லவராகத்தான் தெரிந்தார். அதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவர் போனதும் பெரியப்பா கதவை விரியத் திறந்து வைத்தார். வெளியே ஆன்ட்டி, அக்கம்பக்கத்தார், தங்கவயலிலிருந்து திரும்பியிருந்த அக்கா, எல்லோரும் நின்றார்கள்.

"வாடா வெளிய. இனிமே எவனும் வரமாட்டான்."

அப்பா வாசற்படி வரை வந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"வண்டி முனையில நிக்குதுண்ணா. இன்னும் ஆஃப் பண்ணல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். முனையில் ஒரு பசுமாடு நின்றிருந்தது. யாரோ சிரித்தார்கள். பெரியப்பாவும் முதலில் சிரித்தார். அப்பா உள்ளே திரும்பிப் போய் உட்கார்ந்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"கடனை அடைச்சாச்சு, இன்னும் இன்னாடா நாடகம்? மூணு மாசம் உக்காந்து தின்னு உடம்பு வணங்கலயா?"

"மெதுவாப் பேசுண்ணா," என்றார் அப்பா. "அவனுக்குக் கேட்டுடும்."

இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் வீட்டில் யாரும் பேசாதது. கடன் தீர்ந்துவிட்டது, பூட்டுக்கு வேலையில்லை. ஆனால் கதவு திறந்திருந்தால் அப்பா சாப்பிடமாட்டார். தட்டு முன்னால் இருக்கும், கை இறங்காது. வெளியே பூட்டு விழுகிற அந்தச் சத்தம் கேட்டால்தான் முதல் கவளம் போகும். அதனால் அம்மா தினமும் வேலைக்குப் போகுமுன் பூட்டினாள். யாருக்கும் பயந்து இல்லை. அவர் சாப்பிட வேண்டுமே என்று. பூட்டிவிட்டு அந்தக் கதவில் நெற்றியை ஒரு கணம் வைத்துக்கொண்டு போவாள். தெருவில், "புருசனை அடைச்சு வெச்சிருக்கா பாரு" என்று பேசினார்கள்.

பெரியப்பா சோம்பேறித்தனம் என்றார். அத்தை செய்வினை என்றாள். ஊருக்கு வெளியே ஒருவர் எடுத்துவிடுவதாகச் சொல்லி, கோழியும் பணமுமாக மூன்று தடவை வாங்கினார். தாயத்துக் கட்டினார்கள். ஆன்ட்டி தன் ஜெபக் கூட்டத்தைக் கூட்டிவந்தார். அவர்கள் அப்பாவின் தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தபோது, அவர் மரியாதையாகக் கை கூப்பிக்கொண்டு, "பிரதர், ஸ்வல்ப மெதுவா. வால்யூம் ஜாஸ்தி" என்றார். எல்லோரும் அவருக்காக எதையாவது செய்தார்கள். யாரும் தப்பான ஆட்கள் இல்லை. அவருக்கு என்ன கேட்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று அவரிடம் சாதித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் விரலில் தையல் மெஷின் ஊசி ஏறியதுதான் வழி காட்டியது. கார்மென்ட்ஸில் கட்டுப் போட்ட நர்ஸ், "இவ்ளோ வருசமா தைக்கறீங்க, எங்கக்கா இருந்துச்சு நெனப்பு?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, இது சோம்பலும் இல்ல, காத்து கருப்பும் இல்ல. நோவு. ஜுரம் வராதா, அந்த மாதிரி. இதுக்குன்னே சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்குது. கூட்டினு போங்க."

கூட்டிக்கொண்டு போவது எப்படி? பட்டப்பகலில் ஊர் நடுவே, அத்தனை வண்டிகளுக்கு மத்தியில். ஆன்ட்டிதான் பஞ்சைத் தேங்காயெண்ணெயில் நனைத்து அப்பாவின் இரண்டு காதிலும் வைத்தார். அதன் மேல் குளிர்காலத்துக் குரங்குக் குல்லாவை மாட்டினார். ஆட்டோவை வாசலோடு ஒட்டி நிறுத்தச் சொன்னார். கன்னட எழுத்து படிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் பள்ளிக்கு லீவு போட்டு என்னையும் ஏற்றினார்கள்.

"இன்னா சார், இந்த வெயில்ல குல்லா?" என்றார் ஆட்டோக்காரர்.

"அவருக்குக் கொஞ்சம் குளிருதுப்பா. நீ ரோட்டைப் பாரு" என்றாள் அம்மா.

வழி முழுக்க அப்பா என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பைக் கடக்கும்போதும் இறுகும். போர்டைப் படித்து, சீட்டு எழுதுகிற ஜன்னலையும் காத்திருக்க வேண்டிய இடத்தையும் நான்தான் கண்டுபிடித்தேன். மரத்தடியில் எங்களைப் போலவே எத்தனையோ குடும்பங்கள் டிபன்பாக்ஸோடு உட்கார்ந்திருந்தன. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். கன்னடத்தில் பேசினார். அப்பாவுக்குக் கன்னடம் தமிழைப் போலவே வரும். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"எந்த மாதிரி சத்தம்?"

அப்பா அவரையே பார்த்தார். பிறகு குல்லாவைத் தூக்கி, ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் சரளமாகச் சொன்னார். சைலன்சர் ஓட்டை எந்தப் பக்கம், கியர் மாற்றும்போது எப்படித் தடுமாறும், நிற்கும்போது எப்படி இருமும். மாதக்கணக்கில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை.

"இப்போ கேட்கிறதா?"

"கேக்குது."

"எவ்வளவு தூரத்தில்?"

அப்பா ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினார். "அந்த மரத்துகிட்ட."

"சரி. இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள். அடுத்த முறை வரும்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று எனக்குச் சொல்ல வேண்டும். உங்கள் காதுதான் எனக்குச் சொல்ல வேண்டும்."

அடுத்த முறையும் வண்டி மரத்தடியிலேயே இருந்தது. அம்மா வெளியே வந்து அழுதாள். அதற்கடுத்த முறை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே போயிருந்தது. இப்போது நாங்கள் பஸ்ஸில் போனோம், குல்லா இருந்தது, பஞ்சு இல்லை. பிறகு சிக்னலைத் தாண்டியது. நடுவில் ஒரு தடவை திரும்ப வாசலுக்கே வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அப்பா பேசவில்லை. டாக்டரம்மா பதறவில்லை, மாத்திரையை மாற்றினார். மறுபடி தூரம் போனது. மார்கழிக் குளிரில் ஒரு நாள் அப்பா அவரிடம் சொன்னார்: "கிருஷ்ணகிரி தாண்டிடுச்சு டாக்டர். டோல்ல நிக்குதோ இன்னாவோ." சொல்லிவிட்டுச் சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரமென்று நினைக்கிறேன். அம்மா வேலைக்குக் கிளம்பி, பழக்கதோஷத்தில் பூட்டைக் கையில் எடுத்தாள். அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். உப்புமா. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தது.

"பூட்டாத," என்றார். "காத்து வரட்டும்."

ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் திரும்ப சவுண்டு செட் பக்கம் போகவில்லை. இன்றைக்கு ஒரு செடி நர்சரியில் இருக்கிறார். வேலை அமைதியானது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம்தான். மாத்திரை ரொம்ப நாள் ஓடியது, அப்புறம் அதையும் டாக்டரே நிறுத்தினார். அவர் நன்றாக இருக்கிறார். அளவோடு பேசுகிறார். மடியில் படுத்துக்கொள்ள எனக்கும் வயதில்லை. ஆனால் எப்போதாவது மத்தியான வெயில் அறைச் சுவரில் ஏறும்போது, மைசூருக்கும் பம்பாய்க்கும் போன அந்த மனிதரை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அப்போது நோயில் இருந்தார் என்று தெரியும். தெரிந்தும் தேடுகிறேன். இதை யாரிடம் சொல்வது?

அறைத்தோழனுக்கு இவ்வளவையும் சொன்னேன். "எனக்கு ரிங்டோன் கேக்குது மச்சி. போன் ஆஃப்ல இருந்தாலும்" என்றான். எந்த ரிங்டோன், எவ்வளவு சத்தமாக என்று கேட்டேன். சொன்னான். வெள்ளிக்கிழமை அந்த ஆஸ்பத்திரி மரத்தடிக்குப் போக இரண்டு பேரும் லீவு போட்டிருக்கிறோம்.

போன ஞாயிறு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா நர்சரிக்குப் போயிருந்தார். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் மொத்தம் எவ்வளவும்மா போச்சு என்று கேட்டேன். இவ்வளவு காலத்தில் கேட்டதே இல்லை. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், வாயாலேயே கூட்டினாள். வட்டிக்காரருக்குப் போனது, செட்டை விற்றதில் நஷ்டப்பட்டது, கோழிக்கும் தாயத்துக்கும் போனது, அப்பா உட்கார்ந்திருந்த மாதங்களில் வாடகைக்கும் அரிசிக்கும் வாங்கிய கைமாற்று. இரண்டு லட்சத்துப் பதினேழாயிரம் என்றாள். ஆஸ்பத்திரி? அதையும் சேர்த்துத்தான் சொன்னாளாம். சீட்டு, ஆட்டோ, பஸ், ஒரு தடவை வெளியே வாங்கிய மாத்திரை எல்லாமாக அதில் ஆயிரத்து முந்நூறு.